விண்டரம்மாவின் புரூச்

முடி என்றால் ஞானபூரணி டீச்சருக்கு ஆகவே ஆகாது. திருத்தங்கல் மிஷன் பள்ளியில் பிள்ளைகளின் தலையைச் சோதித்த பிறகுதான் பாடம் தொடங்கும். வீட்டில் சோற்றில் ஒரு முடி கிடந்துவிட்டால், அவர் பேசுகிற பேச்சில் யாருக்கும் சாப்பாடு இறங்காது.

அப்பேர்ப்பட்டவருக்கு, 1949இல் சீமைக்குக் கிளம்பிய தலைமையாசிரியை விண்டரம்மா, உடுப்பில் குத்தியிருந்த தன் புரூச்சைக் கழற்றிக் கொடுத்தார். விக்டோரியா மகாராணி காலத்து நகை. சுற்றிலும் கரித்துண்டு போலக் கனமில்லாத கறுப்புக் கல், தங்க விளிம்பு, நடுவில் கண்ணாடி, அதற்குள் செம்பட்டை நிறத்தில் ஒரு பின்னல். பட்டுநூல் என்று நம்பி டீச்சர் பத்து வருஷம் ஞாயிறு தவறாமல் அதைத் தோளில் குத்திக்கொண்டு கோயிலுக்குப் போனார். ஊரில் வேறு யாரிடமும் அப்படியொன்று இல்லை என்ற மிதப்பு வேறு.

ஒருநாள் பின்மூடி கழன்று, பின்னல் பிரிந்து கையில் வந்தது. பார்த்தால் முடி. டீச்சர் அதைக் குப்பைக்குழியில் போட்டார். புரூச்சைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் கழுவி, தீப்பெட்டி லேபிளிலிருந்து ஒரு கிளியை வெட்டி உள்ளே வைத்தார். முன்னைவிட எடுப்பாக இருந்தது.

1961இல், பள்ளியின் ஆண்டு விழாவுக்கு வருவதாக விண்டரம்மா கடிதம் எழுதினார். "நான் சிறுமியாயிருக்கையில் மரித்த என் தாயாரின் தலைமயிரை உன் புரூச்சில் மறுபடியும் காண வாஞ்சையாயிருக்கிறேன்." செத்தவர் முடியை நகையில் வைத்துப் போட்டுக்கொள்வது அந்தக் காலத்தில் அங்கே வழக்கமாம். டீச்சர், ஒருத்தியின் தாயைக் குப்பையில் கொட்டிவிட்டோமே என்று உண்மையாகவே அழுதார்.

அழுது முடித்துவிட்டுச் செம்பட்டை முடி தேடினார். ஊரில் இருந்ததெல்லாம் கறுப்பும் நரையும்தான். ஸ்டேஷன் வாசலில் நின்ற நாகூர் கனியின் ஜட்கா குதிரைக்கு மட்டும் வால் அதே நிறம்.

"குதிரை முடி எதுக்கு டீச்சரம்மா கேக்கீக?"

"பள்ளிக்கூடக் காரியம் பாய். கேள்வி கேக்காம குடுங்க."

"எம்புட்டு வேணும்?"

"ஒரு விரல் நீளம் போதும்."

சீயக்காய் போட்டு மூன்று தரம் அலசிப் பின்னி, கிளியை எடுத்துவிட்டு புரூச்சுக்குள் வைத்தார்.

விழாவுக்கு வந்த விண்டரம்மாவை ஸ்டேஷனிலிருந்து இழுத்து வந்ததும் அதே குதிரைதான். இறங்கியதும் அவர் புரூச்சை வாங்கித் திறந்து, பின்னலைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு தேம்பினார்.

"என் தாயாரின் வாசனை இன்னும் இருக்கிறது."

சொல்லிவிட வேண்டும் என்று டீச்சருக்கு வாய்வரை வந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிட்டார். விண்டரம்மா பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துத் தன் நரைமுடியில் ஒரு கற்றையை வெட்டிக் கொடுத்தார். "நான் இனி வருவது சந்தேகம். இதையும் என் தாயாரோடு வை."

அன்று சாயங்காலம் டீச்சர் நரைமுடியை மட்டும் வைத்துக்கொண்டு, குதிரை முடியை எறியக் குழிவரை போனார். விண்டரம்மா அழுத ஈரம் அதில் இன்னும் காயவில்லை. எறிய அவருக்குக் கை வரவில்லை. திரும்பி வந்து இரண்டையும் சேர்த்தே பின்னி மூடினார்.

மறுஞாயிறு புரூச்சோடு கோயிலுக்குப் போகிற வழியில் ஜட்காவை நிறுத்தி, குதிரைக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தார்.