சாதாரணம் என்றிருந்த ஒரு சொல்

எலெக்ட்ரானிக் சிட்டியில், வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு தொலைபேசியில் பேசும் வேலையில் சேர்ந்த புதிது. என் அழைப்பு ஒன்றின் பதிவைக் கேட்டுவிட்டு, குரல் 'கோர்ஸ்' (coarse) ஆக இருக்கிறது என்றார் டீம் லீடர். மைசூர்ப் பெண், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். கோபமில்லாமல்தான் சொன்னார். அதுதான் அதிகம் வலித்தது.

கம்பெனி காரில் நீலசந்திராவில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பும்போது போனில் அகராதியைத் திறந்தேன். முரடான, சொரசொரப்பான, நயமற்ற, பண்பற்ற. மணலுக்கும் துணிக்கும் சொல்வது, மனிதர்களுக்கும் சொல்வது. கீழே அதன் பூர்வீகம் இருந்தது. வழக்கமான போக்கைக் குறிக்கும் இன்னொரு 'கோர்ஸ்' (course) உண்டல்லவா, அதிலிருந்தே இது பிரிந்திருக்கலாமாம். முதலில் 'சாதாரணமான' என்றுதான் அர்த்தம். எல்லோரும் உடுத்தும் துணியைச் சொன்ன சொல், முரட்டுத் துணிக்கு ஆகி, பிறகு மனிதர்களின் பேச்சுக்கும் நடத்தைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. வண்டி மேம்பாலத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது. சாதாரணமாக இருப்பது எப்போது மட்டமாகிப் போனது என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

அப்பா கோலார் தங்கவயலில் பாறை துளைக்கும் மெஷின் ஓட்டியவர். அந்த இரைச்சலில் காது பெரும்பாலும் போய்விட்டது. எங்கள் வீட்டில் சாப்பிடக் கூப்பிடுவதென்றாலும் உரக்கத்தான் கூப்பிட வேண்டும். அன்று வேண்டுமென்றே மெல்லப் பேசிப் பார்த்தேன். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாமா, உடம்பு கிடம்பு சரியில்லியா? கொரலே வரல" என்றார்.

ஒன்றுமில்லை, சாப்பிடுங்கள் என்று பழையபடி உரக்கச் சொன்னேன். நிம்மதியாகத் தட்டின் பக்கம் திரும்பினார்.

மறுநாள் டீம் லீடரைத் தனியாகப் பார்த்து, எந்த அர்த்தத்தில் சொன்னீர்கள் என்று கேட்டேன். அப்பாவின் காதைப் பற்றியும் சொன்னேன். சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, முதலில் முகம் இறுகியது. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

"சத்தம் ஜாஸ்தி, அஷ்டே, அவ்ளோதான். அந்த வார்த்தைய நான் யோசிச்சு சொல்லல" என்றார், கன்னடம் கலந்த தமிழில்.

ஹெட்செட்டின் மைக்கை வாயிலிருந்து தள்ளி வைத்துக் காட்டினார். சீக்கிரமே என் குரலைப் பற்றிய பேச்சு நின்றது.

இப்போது புதியவர்களின் பதிவுகளை நான்தான் கேட்கிறேன். சத்தம் என்றால் சத்தம் என்றே சொல்கிறேன். சிலருக்கு அதுவும் வலிக்கிறது, முகத்தில் தெரிகிறது. அவர்களுக்கும் மைக்கைத் தள்ளி வைத்துக் காட்டுகிறேன்.