இருசாயி கேட்கும் கேள்வி

மலைமேல் பெரக்கரை நாட்டில் யாராவது மூட்டையைத் தலையில் ஏற்றினால், முதலில் இருசாயி எங்கே நிற்கிறாள் என்று பார்த்துக்கொள்வார்கள். அவள் கண்ணில் பட்டால் தொலைந்தது. "எங்கீங்க போறீங்க? எப்ப வருவீங்க?" என்று கேட்டுவிடுவாள். புறப்படுகிறவரை எங்கே என்று கேட்டால் போகிற காரியம் கெட்டுப்போகும் என்பது மலையில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். பிறகு மூட்டையை இறக்கி, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துத்தான் மறுபடி எழ வேண்டும்.

"உன் வாயில புளியங்கொட்டைய வெச்சு அடைக்க!" என்பார் பக்கத்து வீட்டு அப்பாசாமி. எல்லோரும் சிரிப்பார்கள். அவள் சிரிக்க மாட்டாள்.

புருஷன் பழனிமுத்துவும் பொறுத்துப் பார்த்தான். மிளகு மூட்டையோடு அடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்குகிற நாளிலெல்லாம் இரண்டு முறை இறக்கி இரண்டு முறை ஏற்றினான். கடைசியில், அவள் எழுமுன்னே கொல்லைப்பக்கமாக நழுவக் கற்றுக்கொண்டான். கேடு அங்கேதான் வந்தது. விழித்துப் பார்த்து ஆள் இல்லையென்றால் இருசாயிக்குக் கைகால் விறைத்துவிடும். அவன் திரும்பும்வரை அடுப்பு எரியாது. நாலு வயது மகள் கண்ணாயி பசியென்று அழுதாலும் காதில் ஏறாது.

"இன்னொருக்கா புள்ளையப் பட்டினி போட்டீன்னா, எங்கம்மா ஊட்டுல கொண்டுபோயி உட்டுருவேன்" என்று ஒருநாள் சொல்லிவிட்டான். பூசாரி மந்திரித்துக் கட்டிய கயிறு கையில் கறுத்ததுதான் மிச்சம்.

அம்மை குத்த மலையேறி வரும் நர்சம்மா அத்தாயியிடமும் இருசாயி அதையே கேட்டாள். நர்சம்மா உட்காரவும் இல்லை, திட்டவும் இல்லை.

"கீழ எங்க ஊட்டுக்குப் போறேன் கண்ணு. அடுத்த செவ்வாக்கெழம உச்சிப்பொழுதுக்கு வருவேன்."

சொன்னபடி வந்தாள். அதற்கடுத்த செவ்வாயும் வந்தாள். இருசாயி சாமை குத்துகிற உரலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "நீ கேட்டத நான் சொல்லீட்டேன். இப்ப நான் கேக்கறேன். யாரு சாமி உங்கிட்டச் சொல்லாமப் போனது?" என்றாள்.

உலக்கை நின்றது. இருசாயி வாய் திறக்க இன்னும் மூன்று செவ்வாய் ஆனது.

அது நடந்தபோது இருசாயிக்கு ஐந்து வயது. அம்மா ராமாயி தலைவாரி, புதுச்சேலை கட்டினாள். எங்கே என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. முந்தின வாரம்தான், வேட்டைக்குப் புறப்பட்ட அப்பனைக் கேட்டுக் கன்னத்தில் அறை வாங்கியிருந்தாள். அதனால் கேட்கவில்லை. ராமாயி வளப்பூர் நாட்டுக்கு, வேறொருவனோடு வாழப் போய்விட்டாள். போகிறவள் போகலாம், பிள்ளை அப்பன் வீட்டுக்கு. மலை வழக்கம் அது.

"நான் கேட்டிருந்தா நின்னிருப்பாளுங்க."

"அத உங்கம்மாவத்தான் கேக்கோணும். போலாம், நானும் வாரேன்."

வளப்பூரில் ராமாயி பலாப்பழம் பிளந்துகொண்டிருந்தாள். கையெல்லாம் எண்ணெயும் பாலும். மகளைத் தொடவில்லை. கேள்வியைக் கேட்டதும் இன்னொரு சுளையைப் பிய்த்து எடுத்தாள்.

"கேட்டிருந்தாலும் போயிருப்பேன் சாமி. பொய் சொல்லீட்டுப் போயிருப்பேன்."

திரும்பும் வழியில் இருசாயி பாதையிலேயே உட்கார்ந்து ஓலமிட்டு அழுதாள். அழுது முடியும்வரை நர்சம்மா கூடவே உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த மிளகு மூட்டை கட்டும்போது இருசாயி புருஷனிடம் சொன்னாள்: "கொல்லப்பக்கம் போவாதீங்க. என் கண்ணு முன்னால வாசல்ல போங்க. நான் கேக்க மாட்டேன்."

மறுநாள் அவன் வாசல் வழியாக இறங்கினான். அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். பத்தடி போனவன் நின்றான். தலையில் மூட்டை, திரும்பவில்லை.

"காரவள்ளிக்குப் புள்ள. பொழுது சாய வந்துருவேன்."

ஆறிவிட்டதா என்றால், இல்லை. கைகால் அன்றும் விறைத்தது. கண்ணாயியை இடுப்பில் தூக்கிக்கொண்டு நான்கு முறை மேட்டுக்கு ஓடிப் பாதையைப் பார்த்தாள். நான்கு முறையும் திரும்பி ஓடிவந்து களியைக் கிண்டினாள். அடிப்பிடித்த களிதான். பிள்ளை வயிறாரத் தின்றது.