குளித்துவிட்டு வந்த அழுகல்

வங்காளத்தில் எங்கள் தாம்லுக் ஊர்ப் பக்கத்தில் நிபாரண் பாருயைப் போல ஒரு சுத்தக்காரனைப் பார்க்க முடியாது. வெற்றிலைக் கொடிக்கால் லட்சுமி குடியிருக்கும் இடமாயிற்றே! குளத்தில் முங்கி எழுந்து, ஈரத் துண்டோடுதான் உள்ளே போவான். பெண்கள் அந்தக் கூரை வேய்ந்த கொடிக்காலின் வாசலைத் தாண்டக் கூடாது. அவன் மனைவி சிந்துபாலா கல்யாணமான நாளிலிருந்து வெளியில் உட்கார்ந்துதான் இலை அடுக்குகிறாள்.

சிராவண மாதத்து மழைப் புழுக்கத்தில் இலைகளில் கறுப்பு வட்டங்கள் விழுந்தன. ஒரு வரிசை முழுக்க அழுகித் தொங்கியது. அந்தக் கொடிக்காலை விட்டால் அவர்களுக்குச் சோறு இல்லை. மனிதன் ஆடிப்போய்விட்டான். உரக்கடைக்காரர் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடிக்கச் சொன்னார். அவன் மைத்துனன் கடுகுப் பிண்ணாக்கு போடாதே என்றான். பக்கத்துக் கொடிக்கால்காரனான நான் என் பங்குக்குக் கூரையைப் பிரித்துக் காற்று விடச் சொன்னேன். எல்லாவற்றையும் அரைகுறையாகச் செய்தான். அழுகல்தான் முழுசாக நடந்தது. கடைசியில் தீட்டுதான் காரணம் என்று முடிவு கட்டினான்.

“நீ உள்ள போனியா? உண்மையச் சொல்லு!”

“போகல. எத்தன தடவ கேப்பீங்க?”

எனக்கே பற்றிக்கொண்டு வந்தது. அவனோ அன்றிலிருந்து வேளாவேளைக்கு முங்கினான். அழுகிய இலைகளைப் பறித்துக் குளத்தில் வீசுவான், அதிலேயே குளிப்பான், சொட்டச் சொட்ட நல்ல வரிசைக்குள் நுழைவான். அதுவும் கறுத்தது.

நேற்று படித்துறையில் பாத்திரம் கழுவிய சிந்துபாலா, அவன் துண்டில் ஒட்டியிருந்த அழுகிய இலையைப் பிய்த்துக் காட்டினாள்.

“இதப் பாருங்க. தண்ணியில போட்டதும் நீங்க, சுமந்துட்டு உள்ள போறதும் நீங்க. நீங்க நடந்த வழியிலதான் அழுகுது.”

“குளிக்காம போனா லட்சுமி போயிருவாளே!”

“இப்ப மட்டும் இருக்காளாக்கும்?”

“அண்ணே, நீங்களாச்சும் சொல்லுங்க” என்று, பக்கத்துப் படியில் முங்கி எழுந்த என்னைப் பார்த்தான். நான் என்னத்தைச் சொல்ல? நானும் என் கொடிக்காலுக்குள் அப்படித்தானே போகிறேன்.

கொடிக்கால் வாசல்வரை ஈரத்தோடு போனவன், உள்ளே போகவும் தெரியாமல் திரும்பவும் தெரியாமல் நின்றான். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையில் கத்தியோடு சிந்துபாலா வந்தாள்.

“தள்ளுங்க. மிச்ச வரிசையாச்சும் பிழைக்குதான்னு பாக்குறேன்.”

வழிவிடலாமா, தடுக்கலாமா என்று அவன் விழித்துக்கொண்டிருக்கும்போதே அவள் உள்ளே போய்விட்டாள். பின்னாலேயே ஓர் அடி எடுத்து வைத்தான்.

“அங்கயே நில்லுங்க,” உள்ளேயிருந்து குரல் வந்தது. “உங்களாலதான் அழுகுது. ஈரம் காயுற வரைக்கும் வாசலத் தாண்டக் கூடாது.”