நல்லூர் டிசைன் ரூமில் நெடுக்கக் கோடு

கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கப் போகிறவன் கோளாறைக் கண்டுபிடிக்கப் போவதில்லை. அங்கே இருக்கிறவர்கள் ஏற்கனவே கண்டுபிடித்து வைத்திருக்கும் கோளாறைக் கேட்டுக்கொள்ளப் போகிறான். ஸ்க்ரூ டிரைவரை நம்பிப் பிழைக்கிற எல்லோருக்கும் இது தெரியும். நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ரேடியோ, பிறகு டிவி, அதுவும் படுத்த பிறகு கம்ப்யூட்டர் என்று வந்து சேர்ந்தேன். யார் யார் என்னை எங்கே எப்படிப் பேசினார்கள் என்பது மட்டும் எனக்கு மறப்பதில்லை. பெட்டி மாதிரி கனமான மானிட்டர்கள் இருந்த அந்தக் காலத்தில், திருப்பூர் நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில், ஒரே ஒரு கிராபிக்ஸ் கார்டுக்காக நான் பட்டதைச் சொல்கிறேன். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் சேர்ந்தே வயிறெரியலாம்.

ஊசி எங்கே?

அந்தக் கம்பெனி முதலாளி நாச்சிமுத்து. நிட்டிங் மெஷின் ஓட்டி, பிறகு சொந்தமாகக் கம்பெனி வைத்தவர். தங்கமான மனிதர். அவருடைய மச்சினன் தியாகுதான் மேனேஜர். அவரைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. டிசைன் ரூமில் ஒரு பழைய கம்ப்யூட்டர். அதில் குழந்தைச் சட்டைகளுக்கு வாத்து, கரடி என்று பிரிண்ட் டிசைன் போடுகிற பெண் ஜெசிந்தா, தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. செக்கிங் டேபிளில் நாளெல்லாம் நின்று துணி பார்த்தவள், சாயங்கால வகுப்புக்குப் போய்ப் படித்து அப்போதுதான் அந்த நாற்காலிக்கு வந்திருந்தாள்.

நான் போனபோது திரை முழுக்கப் பச்சைப் பச்சையாக நெடுக்கக் கோடுகள். தியாகு கதவருகிலேயே தீர்ப்பைச் சொல்லிவிட்டார். "இந்தப் புள்ள வந்ததுல இருந்துதான் இப்படிங்க. அடுத்த சனிக்கிழமை வெளிநாட்டு ஆர்டர் குடுக்கற பையிங் ஆபீஸ் மேடம் டிசைன் பாக்க வர்றாங்க. அதுக்குள்ள சரியாகலைன்னா இது மறுபடியும் செக்கிங்குக்கே போகட்டும்." ஜெசிந்தா மௌஸை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நான் மெஷினை அணைத்துப் போட்டேன். டிசைன் சாஃப்ட்வேர் வருவதற்கு முன்னால், கறுப்புத் திரையில் வெறும் எழுத்து ஓடும்போதே கோடும் கூட வந்தது. ஆகவே டிசைன் போட்டவள் மேல் தப்பில்லை, மானிட்டரோ அதற்குப் படம் அனுப்புகிற கார்டோதான் என்றேன். மூடியைக் கழற்றினேன். திருப்பூர்க் கம்ப்யூட்டரைத் திறந்தால் உள்ளே ஒரு சின்னத் தலையணைக்கு ஆகிற பஞ்சு இருக்கும். எல்லாவற்றையும் ஊதி எடுத்து, கார்டின் செருகுமுனைக் கால்களை ரப்பரால் தேய்த்து மாட்டியதும் கோடு போய்விட்டது. அதுவரை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு துணி பார்ப்பது போல் திரையைப் பார்த்திருந்த நாச்சிமுத்து, கார்டை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "நெடுக்கக் கோடு வந்தா ஊசி ஒடஞ்சிருக்கும், குறுக்கக் கோடு வந்தா நூல் சரியில்லை. இதுல ஊசி எங்கீங்க இருக்குது?"

புது மானிட்டர்

மறுநாளே கோடு திரும்பி வந்துவிட்டது. எனக்குப் போன் வருவதற்குள் தியாகு, தனக்குத் தெரிந்த கடையிலிருந்து புது மானிட்டர் ஒன்றை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். கார்டாகவும் இருக்கலாம் என்று நான் சொன்னதை அந்த ஆள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அதை நான் மறக்கவும் இல்லை.

புது மானிட்டரை மாட்டி, தேங்காய் உடைத்து, சந்தனம் வைத்து ஓட விட்டிருக்கிறார்கள். மத்தியானம் சாப்பிட்டு வந்து பார்த்தால் அதே பச்சைக் கோடு, அதே இடத்தில். மானிட்டர் புதுசு, கோடு மட்டும் பழசு என்றால் கார்டுதான் என்று எடுத்துச் சொன்னேன். தியாகு சந்தனப் பொட்டுக்குப் பக்கத்தில் விரலால் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பழைய மானிட்டர்ல இருந்து ஒட்டிக்கிட்டு வந்திருக்குமுங்க, பக்கத்துல பக்கத்துலதானே வெச்சிருந்தோம்."

அம்புக்குறி

கார்டுதான் என்பதைக் கண்ணால் காட்டினால்தான் மாற்ற விடுவேன் என்று தியாகு நின்றார். நான் கார்டு விற்கத்தான் இப்படிச் சொல்கிறேனாம். சரி, கோடும் புள்ளியும் எந்த எந்த இடத்தில் வருகிறது என்று பார்த்து வைம்மா என்று ஜெசிந்தாவிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

இரண்டு நாள் கழித்துப் போனால் புது மானிட்டரைக் காணோம். அதாவது மானிட்டர் இருந்தது, கண்ணாடி தெரியவில்லை. செக்கிங்கில் துணியில் ஓட்டை, கறை இருந்தால் அந்த இடத்தைக் காட்டச் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள் இல்லையா, அதை எடுத்து வந்து கோடு கோடாக, புள்ளி புள்ளியாக ஒட்டி வைத்துவிட்டாள். "இடத்தைப் பாத்து வைக்கச் சொன்னிய அண்ணாச்சி" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தாலும், அம்புகளைப் பார்த்ததும் சந்தேகம் தீர்ந்துவிட்டது. எல்லாம் அளந்து வைத்த மாதிரி ஒரே இடைவெளியில் இருந்தன. கார்டில் இருக்கிற மெமரி போனால்தான் இப்படி வரும். இதை நான் தியாகுவுக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது செக்கிங் சூப்பர்வைசர் சரஸ்வதியக்கா உள்ளே வந்து, மானிட்டரை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இத்தனை அம்பு ஒட்டியிருந்தா நாங்க எண்ணக்கூட மாட்டோமுங்க, நேரா கழிச்சு செகண்ட்ஸ்ல போட்ருவோமுங்க."

என் போட்டோ

சக ரிப்பேர்க்காரர்களுக்கு இந்த வேதனை தெரியும். வாடிக்கையாளர் போன் செய்யும்போது மெஷின் சாகக் கிடக்கும். நாம் போய் நின்றதும் எழுந்து உட்கார்ந்துகொள்ளும். கண்ணால் காட்டு என்று தியாகு சொன்ன நாளிலிருந்து அந்தக் கம்ப்யூட்டர் என் முன்னால் ஒரு கோடு போட்டதில்லை. போன் வரும், டிவிஎஸ் வண்டியை உதைத்துக்கொண்டு ஓடுவேன், திரை துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். மூடியைக் கழற்றி வைத்துவிட்டு ஒருநாள் காலையெல்லாம் எதிரில் உட்கார்ந்திருந்தேன். வாத்து வாத்தாகவே இருந்தது. கிளம்பி வீட்டுக்குப் போனதும் போன்: "அண்ணாச்சி, கோடு வந்துட்டு."

அன்று தியாகு டீ குடித்துக்கொண்டு இதையெல்லாம் பார்த்திருந்தார். தட்டில் பிஸ்கட் இருந்தது. ஒன்று எடுத்துக்குங்க என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. சொன்னது இதுதான்: "உங்களைக் கண்டா பயந்துக்குது போல இருக்குதுங்க. உங்க போட்டோ ஒண்ணு குடுத்துட்டுப் போங்க, மானிட்டர் மேல மாட்டி வெச்சுக்கறோம்."

காக்கா

புதன்கிழமை தியாகு தாமாகவே ஒரு காரணம் கண்டுபிடித்தார். பிரிண்டிங்கில் கலர் கூடக் கூட, கலருக்கு ஒரு அச்சுச் சட்டம் என்று ஸ்கிரீன் கூடும், வேலை கூடும். அதே மாதிரி ஜெசிந்தா எட்டு கலரில் வாத்துப் போடுவதால்தான் கம்ப்யூட்டருக்குப் பாரம் தாங்கவில்லை என்று முடிவு செய்து, இனிமேல் இரண்டே கலர் என்று உத்தரவு போட்டுவிட்டார். கம்ப்யூட்டருக்கு எட்டு கலரும் ஒன்றுதான், எண்ணாயிரம் கலரும் ஒன்றுதான் என்று நான் சொன்னேன். "நீங்க எத்தனாவது படிச்சிருக்கீங்க?" என்று கேட்டார். இதற்கும் தனியாக ஒரு கணக்கு வைத்திருக்கிறேன்.

இரண்டு கலரிலும் கோடு வந்தது. சனிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள்தான். செக்கிங் டேபிளில் ஜெசிந்தாவின் பழைய இடத்தைக் காலியாக வைக்கச் சொல்லிவிட்டதாகச் சரஸ்வதியக்கா என்னிடம் மெதுவாகச் சொன்னார். ஜெசிந்தா அழவில்லை. திரையில் இருந்த கறுப்பு வெள்ளை உருவத்தைக் காட்டிக் கேட்டாள்: "இது வாத்து மாதிரியா இருக்கு அண்ணாச்சி? வெளிநாட்டுக்காரவ காக்கா படம் போட்ட சட்டையப் பச்சப் பிள்ளைக்குப் போடுவாவளா?"

எக்ஸெல்

வியாழக்கிழமையும் போனேன், கோடு ஒன்றும் தெரியவில்லை, திரும்பினேன். பாதி வழியில்தான் மல்டிமீட்டரை அங்கேயே வைத்துவிட்டது நினைவு வந்தது. வண்டியைத் திருப்பினேன். வாட்ச்மேன் டீக்கடைக்குப் போயிருந்தார். எப்போதும் அவர் உள்ளே போன் செய்துவிட்டுத்தான் என்னை விடுவார். அன்று நேராக டிசைன் ரூமுக்குள் போய்விட்டேன்.

கம்ப்யூட்டர் சட்டை போட்டுக்கொண்டு நின்றது. அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. குளிர்நாட்டுக்கு அனுப்புகிற, உள்ளே பஞ்சு போல் பிரஷ் பண்ணிய, கனமான நீல ஃப்ளீஸ் துணியில், கேபினெட்டுக்கு அளவெடுத்துத் தைத்த முழுச் சட்டை. இழுத்தால் விரிகிற ரிப் காலர் வழியாக ஒயர் வெளியே வந்தது. பவர் சுவிட்ச் இருக்கிற இடத்தில் பட்டன் வைத்துத் திறப்பு. பின்பக்கம் கம்பெனி லேபிள், சைஸ் லேபிள், எப்படித் துவைக்க வேண்டும் என்கிற லேபிள். உள்ளே கார்டு வெந்துகொண்டிருக்க, திரையில் பச்சைக் கோடு ஜோராக ஓடிக்கொண்டிருந்தது.

பஞ்சு ஏறக் கூடாதென்று தியாகுதான் தைக்கச் சொன்னாராம். ஜெசிந்தா அந்த நாற்காலிக்கு வந்த அதே வாரத்தில். நான் வருகிறேன் என்று வாட்ச்மேன் போன் செய்ததும் அதைக் கழற்றி மடித்து பீரோவில் வைத்துவிடுவார்களாம், என் கை அழுக்குப் பட்டுவிடும் என்று. என் கை அழுக்கு. நீ ஏம்மா சொல்லவில்லை என்று ஜெசிந்தாவைக் கேட்டேன். "டாக்டர் வந்தா சட்டையக் கழட்டத்தானே செய்வாவ, அப்படின்னு நெனச்சேன் அண்ணாச்சி" என்றாள். சத்தம் கேட்டு சாம்பிள் டெய்லர் ராஜு வந்தான். தைத்தவன் அவன்தான். நான் சட்டையையே பார்த்துக்கொண்டிருப்பதை மெச்சுகிறேன் என்று எடுத்துக்கொண்டு சொன்னான்: "மொதல்ல லார்ஜ்தாங்கண்ணா தைச்சேன், பின்னாடி ஃபேன் கிட்டக் கொஞ்சம் புடிச்சுது. அப்புறம் எக்ஸெல் போட்டேன்."

யாருக்கு முதலில்

முதலாளியையே கூப்பிட்டுக் காட்டினேன். சட்டையைக் கழற்றி, மூடியைத் திறந்து வைத்தோம். கொஞ்ச நேரத்தில் கோடு ஒவ்வொன்றாக மறைந்தது. நாச்சிமுத்து கார்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு விரலை உதறினார். அப்போதும் தியாகு அசையவில்லை. "துணி எப்படீங்க மாமா கோடு போடும்? துணி கதகதப்பாத்தானே வெச்சிருக்கும். நல்லதுதானே" என்றார். சித்திரை மாதம், வெளியே தார் உருகிக்கொண்டிருந்தது.

நாச்சிமுத்து கோபப்படவில்லை. பேக்கிங்கிலிருந்து ஒரு ஃப்ளீஸ் ஜாக்கெட்டை எடுத்துவரச் சொன்னார். கம்ப்யூட்டருக்குப் பழையபடி சட்டையை மாட்டச் சொன்னார். ஏசியையும் ஃபேனையும் அணைக்கச் சொன்னார். பிறகு மச்சினனுக்கு ஒரு நாற்காலியைக் கம்ப்யூட்டர் பக்கத்தில் போட்டுவிட்டு, ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: "ஜிப்ப மேல வரைக்கும் போட்டுட்டு உக்காருங்க மாப்ள. யாருக்கு மொதல்ல கோடு வருதுன்னு பாத்துரலாம்."

ஏழு கலர்

கம்ப்யூட்டர் தோற்றது. தியாகுவுக்குத்தான் முதலில் வந்தது. ஜாக்கெட்டுக்குள் முதுகில் வியர்வை நெடுக்காகவும் குறுக்காகவும் வந்திருக்க வேண்டும், அவரே எழுந்து போய்விட்டார். அதற்குப் பின்னாலேயே திரையிலும் பச்சைக் கோடு வந்தது. அத்தனை நாள் வெந்ததில் கார்டு போயே போய்விட்டது. என் கடையில் கழற்றி வைத்திருந்த ஒரு கார்டை மாட்டினேன். அன்று சாயங்காலமும் வெள்ளிக்கிழமை முழுக்கவும் ஜெசிந்தா எழுந்திருக்காமல் வாத்துக்கு எட்டு கலரையும் திரும்பக் கொடுத்தாள்.

சனிக்கிழமை நானும் போய் மூலையில் நின்றேன், கார்டுக்கு ஏதாவது ஆனால் பார்க்க. பையிங் ஆபீஸ் மேடம் வாத்தின் மூக்கைக் கொஞ்சம் ஆரஞ்சாக்கச் சொன்னார். ஜெசிந்தா அவர் கண்முன்னாலேயே மாற்றினாள். திரை கண் சிமிட்டக்கூட இல்லை. சாம்பிள் போடச் சொல்லிவிட்டுப் போனார். ஜெசிந்தாவின் பழைய இடத்தில் வேறு ஆளைப் போட்டுக்கொள்ளும்படி நாச்சிமுத்து சரஸ்வதியக்காவிடம் சொன்னதை நானே கேட்டேன்.

எல்லோரும் போன பிறகு தியாகு வந்தார். ஜெசிந்தாவிடம் மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று, பார்ப்பதற்காகவே நான் ஸ்க்ரூவை மெதுவாக முடுக்கினேன். "உம்மேல தப்பில்லைன்னு தெரிஞ்சு போச்சு கண்ணு. இருந்தாலும் எட்டு கலர் சாஸ்திதான், ஏழாக் கொறச்சுக்கோ" என்றார். ஜெசிந்தா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், மௌஸை அவர் பக்கம் நகர்த்தி வைத்துச் சொன்னாள்: "சரி சார், வாத்துக்குக் கண்ணை எடுக்கட்டா காலை எடுக்கட்டா, நீங்களே பாத்து ஒண்ண எடுத்துட்டுப் போங்க."

பழைய கம்ப்யூட்டரில் மாற்ற முடியாத பாகம் என்று எதுவும் கிடையாது, முதலாளியின் மச்சினன் மட்டும்தான் போர்டோடு சேர்த்து ஈயம் வைத்து ஒட்டியே வருகிறார்.