வாயில் வராத முகவரி

என் கணவர் வாசலில் விழுந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. குழாய்த் தண்ணீர் அவர் முதுகுக்கு அடியில் ஓடிக்கொண்டிருந்தது.

நான் ஈப்போவில் ஒரு கிளினிக்கின் முன்மேசையில் பல வருடங்களாக இருப்பவள். பதறிப்போய் போன் செய்கிறவர்களிடம் நிதானமாகப் பேசி விவரம் வாங்குவதுதான் என் வேலை. இது பக்கவாதம் என்று பார்த்ததுமே தெரிந்தது. தெரிந்தும், அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, கழன்றிருந்த சட்டைப் பொத்தான்களைப் பூட்டிக்கொண்டிருந்தேன்.

"ஆம்புலன்ஸுக்கு போன் போடு" என்று மகளிடம் கத்தினேன். பதினாறு வயது. நாள் முழுக்க அந்தப் போனும் கையுமாக இருப்பவள், அன்று அதைத் திறக்கும் ரகசிய எண்ணைத் தப்பாகவே அழுத்தினாள்.

"வரலமா. நம்பர் ஞாபகம் வரமாட்டேங்குது."

"ஒழுங்கா போடு."

நான் கத்தக் கத்த அவள் விரல்கள் இன்னும் தடுமாறின. போன் பூட்டிக்கொண்டது. பூட்டிய போனிலிருந்தும் அவசர எண்ணை அழைக்கலாம் என்பது எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

உள்ளே ஓடி என் போனை எடுத்து வந்து நானே அழைத்தேன். மறுமுனையில் ஒரு பெண் மலாயில் முகவரி கேட்டார். பீடோர், ரப்பர் தோட்டம், இரண்டாம் டிவிஷன், லயத்தில் கடைசி வீடு என்றேன். அது தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில் நான் பிறந்த வீடு. அந்த லயங்களை இடித்துச் செம்பனை நட்டு எவ்வளவோ காலமாகிவிட்டது. நாங்கள் இப்போது குடியிருப்பது ஈப்போ பக்கம் சிம்பாங் பூலாயில். சொன்னது தப்பு என்று தெரிந்தது. சரியானது வாயில் வரவில்லை.

"அது இல்லமா, அது இல்ல" என்று மகள் அழுதாளே தவிர, அவளாலும் சொல்ல முடியவில்லை.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு மலாய்க்காரர் வந்தார். போனை வாங்கி எங்கள் வீட்டு எண், தெரு, முனையில் இருக்கும் மெக்கானிக் கடை எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். குழாயையும் அவர்தான் மூடினார்.

கணவர் பிழைத்தார். வலது கைக்கு அசைவு திரும்பவில்லை. பேச்சு பாதிதான் வந்திருக்கிறது. "இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா" என்று தொடங்கிய டாக்டர், மகளைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

ஒரு நாள் அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டிவிட்டுக் கிண்ணத்தோடு வந்த மகள் கேட்டாள். "நான் சின்னப் பிள்ள, பயந்துட்டேன். நீங்க பெரியவங்கதானே. உங்களுக்கு ஏம்மா அப்படி ஆச்சு?"

என்னைக் குறை சொல்லவில்லை. வளர்ந்தால் சரியாகிவிடும் என்று நான் சொல்லக் காத்திருந்தாள்.

"தெரியலமா" என்றேன்.

அறையிலிருந்து கணவர் ஏதோ கேட்டார். எங்கள் இருவருக்கும் புரியவில்லை. போய் அவர் முன்னால் நின்றோம். அவர் திரும்பவும் கேட்டார்.