ஸ்டெல்லா அக்கா சொன்னதை யாரும் கேட்கவில்லை

காலை ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் ஏறும்போதுதான் செய்தி வந்தது. கும்மிடிப்பூண்டியில் நம்மோடு பேக்கிங் பிரிவில் நின்ற ஸ்டெல்லா அக்கா இறந்துவிட்டார். வயிற்றுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவரை இரண்டு முறை "கேஸ் ட்ரபிள்" என்று மாத்திரை கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். மறுபடி தூக்கிக்கொண்டு போனபோது, குடல் முறுக்கி அழுகிவிட்டது என்றார்களாம். "எடை குறைய வயித்துல பைபாஸ் பண்ணிக்கினு கீறேன், அதுல பின்னாடி குடல் முறுக்கிக்கும்னாங்க, ஸ்கேன் எடுங்கன்னு அவ கெஞ்சினா. யாரும் காதுல வாங்கல" என்கிறார் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் லாரி ஓட்டும் அவர் கணவர்.

அழகுக்காக அக்கா அந்த ஆபரேஷனைச் செய்துகொள்ளவில்லை. சர்க்கரையும் முட்டிவலியும் அவரை நிற்கவிடவில்லை. செய்த சில வாரங்களில் கொரோனா ஊரடங்கு வந்தது, மறுபரிசோதனை நின்றுபோனது. கம்பெனி திறந்ததும் நாமெல்லாம் என்ன சொன்னோம், நினைவிருக்கிறதா? "சூப்பரா இளைச்சிட்டீங்கக்கா!" அவர் முகக்கவசத்தை இறக்கினார்.

"இளைச்சத மட்டும் பாக்குறீங்க. முடி கொத்துகொத்தா கொட்டுது. ஒரு இட்லி துன்னா நிக்கல. அத எவளாவது கேட்டீங்களா?"

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அவரால் சாப்பிட முடியும். அதற்காக ஷிப்டுக்கு நடுவில் சிறு இடைவேளை கேட்டார். "உனக்கு மட்டும் தனி ரூலா?" என்றார் சூப்பர்வைசர். "ரூலு வயித்துக்குத் தெரியாது சார்" என்று சொல்லிவிட்டு அக்கா அங்கேயே அவித்த முட்டையை உரித்தார். மெமோ வந்தது. மறுநாளும் உரித்தார்.

ஆபரேஷன் வார்டில் அக்காவுக்குப் பக்கத்துப் படுக்கையில், அதே ஆபரேஷன் செய்துகொண்டு இருந்தவள் திருப்பாச்சூர் கலா. ஊரடங்கில் வாந்தி நிற்காமல், கால் மரத்து, எழ முடியாமல் கிடந்தாள். ஆபரேஷன் செய்தால் அப்படித்தான் என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். அக்கா போனில் அவள் கணவனைப் பிடித்தார்: "இன்னா நைனா, அவ நடிக்கிறான்னு நெனச்சிக்கினு கீறியா? இப்பவே ஆம்புலன்ஸ கூப்புடு!" அவன் கூப்பிடும்வரை விடவில்லை. வைட்டமின் ஊசிகள் போட்டு, பல மாதம் கழித்துக் கலா நடந்தாள். அக்காவின் அடக்கத்துக்கும் நடந்துதான் வந்தாள்.

எங்கோ கிடந்த ஒருத்திக்காகக் கத்தியவருக்கு, தன் முறை வந்தபோது கத்த ஆளில்லை. டாக்டரே சொன்ன பிறகு என்ன பேசுவது என்று கணவர் நின்றிருக்கிறார். அவரை எப்படிக் குறை சொல்வேன்? எனக்கு மனம் ஆறவில்லை, அவ்வளவுதான்.

கல்லறையில் அமைதி என்ற சொல்லைப் பொறிக்கப்போகிறார்களாம். அவர் அமைதியாக இருந்தவர் இல்லை. அந்தக் கோபத்தைத்தான் நான் வைத்துக்கொள்கிறேன். நம்மில் எவளுக்கு வலி வந்தாலும் என்னைக் கூப்பிடுங்கள். கூட வருவேன். அவள் சொல்வதை முழுவதும் கேட்கும்வரை டாக்டர் அறையை விட்டு வெளியே வரமாட்டேன்.