காது மடலில் ஏஸ்

லிஸ்பனில் எங்கள் பராடா சதுக்கத்துக்கு வந்துபோகிறவர்கள் எல்லோருக்கும் ஜசிந்தோவைத் தெரியும். எப்போது துருப்பை இறக்குவார், எப்போது பதுக்குவார் என்பதுவரை தெரியும். அவர் வீடு எங்கே, ஞாயிற்றுக்கிழமை யாரோடு சாப்பிடுகிறார் என்று கேட்டால்தான் ஒருவருக்கும் பதில் வராது. சதுக்கத்தில் அதை யாரும் கேட்பதில்லை. வாத்துக்குளத்துக்குப் பக்கத்தில் கல்மேசை, மேசையைச் சுற்றி நாலு பேர், அவர்களுக்குப் பின்னால் நிற்கிற கூட்டம். அந்த மேசைக்கு வந்து உட்காரும்போதுதான் ஒருவருக்குப் பெயர் முளைக்கிறது. எழுந்து போனால் பெயரும் மேசையிலேயே தங்கிவிடுகிறது.

அவர் வீடு எனக்குத் தெரியும். நான் இருக்கிற கட்டடத்திலேயே, எனக்குக் கீழ்மாடியில், ஒரு விதவை அம்மாவிடம் அறை எடுத்திருக்கிறார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை தனியாகத்தான் சாப்பிடுகிறார். கருவாட்டு மீனை ஊறப்போட்ட வாசனை சனிக்கிழமையே படியேறி வந்துவிடும். படியில் எதிர்ப்பட்டால் மாலை வணக்கம் சொல்லிக்கொள்வோம். அதற்கு மேல் பேச அவருக்கும் வராது, எனக்கும் வராது.

அவர் வேலை பார்த்ததெல்லாம் கீழ்நகரத்துப் பொத்தான் கடை ஒன்றில். பதினாலு வயதில் பேய்ராவின் மலையூரிலிருந்து ஒரு தகரப்பெட்டியோடு வந்து அங்கே சேர்ந்தவர், கண் மங்கும்வரை பொத்தானும் நாடாவும் ஊக்கும் விற்றார். இப்போதும் புது ஆள் எதிரே உட்கார்ந்தால் முதலில் சட்டைப் பொத்தானைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்ப்பார்.

எங்கள் சதுக்கத்தில் ஆடுவது சுவெகா என்ற சீட்டாட்டம். நாலு பேர், இரண்டு ஜோடி. ஜோடி எதிரெதிரே உட்கார வேண்டும். ஏஸுக்கு அடுத்தது ஏழு. ராஜாவே ஏழுக்குக் கீழேதான். கையில் இருப்பதை ஜோடிக்கு வாயால் சொல்லக்கூடாது. ஆகவே எல்லோரும் உடம்பால் சொல்வார்கள். ஜசிந்தோவின் ஜோடி வல்தெமார், ஒல்லியான ஆள், தடித்த கண்ணாடி. பெஞ்சில் புத்தகத்தை விரித்துக்கொண்டு நான் பார்த்த வருடங்களில் அவர்கள் பாஷை எனக்குப் படிந்துவிட்டது. வல்தெமார் காது மடலை இழுத்தால் துருப்பு ஏஸ் அவரிடம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தால், கையில் ஒன்றுமில்லை, நீயே பார்த்துக்கொள். எதிராளிகளுக்கும் இது தெரிந்திருக்கும். ஆனாலும் இந்த ஜோடியைத் தோற்கடிப்பது கஷ்டம். ஏனென்றால் ஜசிந்தோ காதைப் பார்ப்பதற்கு முன்பே அது இழுக்கப்படப்போவது அவருக்குத் தெரிந்துவிடும்.

இலையுதிர் காலத்தில், வறுகடலைக்காரன் மாதிரி செஸ்நட் வறுக்கிறவன் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திய சமயம், வல்தெமார் வரவில்லை. மறுநாளும் இல்லை.

ஜோடி வராதவர் எழுந்து பின்னால் நிற்க வேண்டும் என்பது மேசையின் சட்டம். இடம் காத்திருக்கிற அடுத்த ஜோடிக்குப் போய்விடும். பின்னால் நிற்பவர் வாய் திறக்கக்கூடாது என்பது அதைவிடப் பெரிய சட்டம். யாராவது "ஐயோ, அந்த ராணியை வச்சிருக்கலாமே" என்று முனகினால், மேசைக்குப் பெரியவர் ஒராசியோ, பழைய டிராம் ஓட்டி, தலையைத் தூக்காமலே சொல்வார்:

"வெளிய நிக்கிறவங்க விறகு பொளங்கப்பா."

ஜசிந்தோ விறகு பொளந்துகொண்டு நின்றார். ஒரு வாரம் போனபின் ஒராசியோவுக்கே மனது கேட்கவில்லை.

"ஃபவுஸ்தோ சும்மாதான் நிக்கிறான். அவனோட உக்காரு."

"வல்தெமார் வந்துட்டா?"

"வந்தா எழுந்துக்க. சிம்மாசனமா அது, கல்லுதானே."

ஃபவுஸ்தோ நல்ல மனிதர், மீன் சந்தையில் ஐஸ் சுமந்தவர். ஆட்டத்தின் நடுவில் காதைச் சொறிந்தார். ஜசிந்தோவின் முகத்தில் அந்த வாரத்தில் முதல்முறையாக வெளிச்சம் வந்தது. துருப்பு ஏழை அப்படியே மேசையில் வைத்தார். ஒராசியோ தன்னிடமிருந்த துருப்பு ஏஸை அதன்மேல் மெதுவாகப் போட்டு இரண்டையும் வாரிக்கொண்டார்.

"என்ன பண்ற நீ?" என்றார் ஃபவுஸ்தோ.

"நீ காதை இழுத்தியே."

"அரிச்சுது, சொறிஞ்சேன். அதுக்கு ஏழைத் தூக்கிக் குடுப்பியா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஒராசியோ சீட்டைக் கலைத்துக்கொண்டே, "இனிமே ஃபவுஸ்தோ குளிச்சிட்டு வந்து உக்காரணும்" என்றார். ஃபவுஸ்தோவும் சிரித்தார். ஜசிந்தோ மட்டும் தன் கையில் மிச்சமிருந்த சீட்டுகளைப் பொத்தான் அட்டையைப் போலத் தட்டிச் சமன்செய்து மேசைமேல் வைத்தார். அதற்குப் பிறகு அவரோடு உட்கார யாரும் முன்வரவில்லை, அவரும் கேட்கவில்லை.

வல்தெமாரைத் தேடவேண்டும் என்று தோன்றியபோதுதான், தேடுவதற்கு ஒன்றுமே இல்லை என்று தெரிந்தது. சதுக்கத்து மூலையில் காபி விற்கிற கூண்டில் லுசீலியா அம்மாளிடம் போய் நின்றார். நான் அங்கே சில்லறைக்காகக் காத்திருந்தேன்.

"அம்மா, வல்தெமார் எந்தப் பக்கமிருந்து வருவாரு, பாத்திருக்கீங்களா?"

"மரத்துக்குப் பின்னாலருந்து வருவாரு. பால் ஊத்தின காபி, கண்ணாடி டம்ளர்ல. சர்க்கரைப் பொட்டலத்தைப் பிரிக்காம பையில போட்டுக்குவாரு. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

"குடும்பப் பேரு?"

லுசீலியா அம்மாள் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார். "சென்யோர் ஜசிந்தோ, நீங்கதான் அவரு மூஞ்சிக்கு நேரா இத்தனை வருஷம் உக்காந்தீங்க. என்னைக் கேக்கறீங்களே."

"சீட்டு நடுவுல யாரும்மா இதெல்லாம் கேப்பாங்க."

மாதாகோவில் கதவில் சாவு அறிவிப்புகள் ஒட்டுவார்கள், புகைப்படத்தோடு. தினமும் காலையில் அங்கே போய்ப் படித்தார். வல்தெமார் இல்லை. அப்படியானால் இருக்கிறார். இருக்கிறார் என்றால் எங்கோ ஒரு சதுக்கத்தில் உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருக்கிறார். அப்படிப்பட்ட கை சும்மா இருக்காது. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு வேறு திசையில் போக ஆரம்பித்தார். எஸ்ட்ரெலாவில் ஒருநாள், பெரிய தேவதாரு குடைவிரித்த பிரின்சிபி ரியாலில் ஒருநாள், அலெக்ரியாவில் ஒருநாள். ஒவ்வொரு சதுக்கத்திலும் சீட்டுமேசையின் பின்னால் நின்று, முகங்களைப் பார்க்காமல் காதுகளைப் பார்த்துவிட்டு, இருட்டுமுன் திரும்புவார். அவர் ஷூ சத்தம் படியில் மாடிக்கு மாடி நின்று நின்று ஏறும்.

குளிர் தொடங்கிய ஒரு செவ்வாய்க்கிழமை நான் பல் வைத்தியரிடம் போய்விட்டு, ஊரின் மறுகோடியில், பைவா கொசெய்ரு சதுக்கத்தில் பஸ்ஸுக்கு நின்றேன். கன்னம் மரத்திருந்தது. அங்கே நாலைந்து மேசை. ஆட்டம் எங்கள் சதுக்கத்தைவிடச் சத்தமாக நடக்கும். ஒரு மேசைக்குப் பின்னால் ஜசிந்தோ நின்றிருந்தார். மேசையில் வல்தெமார்.

நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். போய்க் கைகொடுத்திருக்கலாம். செய்யவில்லை.

வல்தெமாருக்கு எதிரே ஒரு குண்டு மனிதர். வல்தெமார் காது மடலை இழுத்தார். குண்டு மனிதர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை; துருப்பு ஏழை இறக்கினார். எதிராளி ஒருவர் வைதார். ஜசிந்தோவின் கை தொப்பியின் விளிம்பைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றியது.

ஆட்டம் முடிந்து கலைக்கும்போதுதான் வல்தெமார் நிமிர்ந்தார்.

"அட. நீயா."

"நான்தான்."

எழுந்து வந்தார். இருவரும் என்னைக் கவனிக்காமல் என் பெஞ்சுக்கு முன்னால் நின்றார்கள். நின்றுகொண்டு அவர்கள் பேசி நான் பார்த்ததே இல்லை. கைகளை எங்கே வைப்பது என்று இருவருக்குமே தெரியவில்லை.

"பொண்ணு கூட்டிட்டு வந்துட்டா" என்றார் வல்தெமார். "கால் போயிடுச்சு, படி ஏற முடியல. ஒரே நாள்ல மூட்டை கட்டிட்டா. உன்கிட்ட சொல்ல, நம்பரா வச்சிருக்கேன்? ஒராசியோ நம்பரும் இல்ல."

"ஆமா."

"ரெண்டு பஸ் மாறணும் அங்க வர்றதுக்கு."

"நான் டிராம்ல வந்தேன். வெளிநாட்டுக்காரங்க கூட்டம், நிக்கக்கூட எடமில்ல."

"இங்க ஆட்டம் சுமார்தான். அவன் பரவால்ல." குண்டு மனிதரைத் தாடையால் காட்டினார். பிறகு தயங்கி, "நீ யாரையாவது புடிச்சிருப்பேன்னு நெனச்சேன்" என்றார்.

ஜசிந்தோ இதற்காகத்தான் இத்தனை சதுக்கம் ஏறி இறங்கினார். வாரத்தில் ஒருநாளாவது வா என்று கேட்கத்தான். வாயும் திறந்தது.

"புடிச்சிட்டேன்."

"யாரு?"

"ஃபவுஸ்தோ."

"அவனா? காதைச் சொறிஞ்சிக்கிட்டே இருப்பானே."

"பழகிட்டேன்."

இருவரும் சிரித்தார்கள். வல்தெமாரின் தோள் லேசாக இறங்கியது. சுமையை இறக்கி வைத்தவர் மாதிரி. "நல்லது. எனக்கு அதுதான் மனசுல கெடந்துச்சு" என்றார்.

மேசையிலிருந்து குண்டு மனிதர் கூப்பிட்டார். "யப்பா வல்தெமார், கல்யாணப் பேச்சு முடிஞ்சுதா? சீட்டு போட்டாச்சு."

"வரேன்டா."

அவர் போனார். ஜசிந்தோ பஸ் நிறுத்தத்துக்கு வந்தார். நானும் எழுந்து போய் நின்றேன்; நான் தூணுக்கு இந்தப்பக்கம், அவர் அந்தப்பக்கம். மேசையில் வல்தெமார் சீட்டை விரித்துப் பார்த்தார். பிறகு எங்கள் திசையில் முகத்தைத் திருப்பி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குண்டு மனிதர் தலையசைத்துச் சின்னச் சீட்டாக ஒன்றை இறக்கினார். அந்தச் செய்தி குண்டு மனிதருக்குத்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

நிறுத்தத்தில் நின்றிருந்த ஜசிந்தோ கையைத் தூக்கி, தன் காது மடலை இரண்டு விரலால் பிடித்து, நன்றாகத் தெரியும்படி இழுத்தார்.

அவர் கையில் தொப்பி மட்டும்தான் இருந்தது.

இப்போதும் அவர் செவ்வாய்க்கிழமைகளில் பராடாவுக்கு வருவதில்லை. மற்ற நாட்களில் வந்து கல்மேசைக்குப் பின்னால் நிற்கிறார். போன வாரம் ஒராசியோ விசாரித்தார்.

"செவ்வாய்க்கிழமையானா எங்கப்பா மாயமாப் போயிடற?"

"பைவா கொசெய்ருல ஒரு ஆட்டம்."

"ஓ. ஜோடி கெடைச்சிடுச்சா? ஆடுவானா?"

"நல்லா ஆடுவான்."

"அப்போ ஒருநாள் இங்க கூட்டிட்டு வா. ஒரு கை பாப்போம்."

"அவனுக்குக் கால் சரியில்ல" என்றார் ஜசிந்தோ.

நான் பெஞ்சில் ஒரு பக்கத்தைத் திருப்பினேன். அதற்குள் பின்னால் நின்ற யாரோ ஏதோ முனக, ஒராசியோ தலையைத் தூக்காமல் அந்தப் பழைய வாக்கியத்தைச் சொன்னார். ஜசிந்தோ அரை அடி பின்னால் நகர்ந்துகொண்டார், முனகியது அவரில்லை என்றாலும்.